பல்லின் தோல்

"மிஸ், பல்லுக்கு ஏது தோலு?" என்று தையல்காரி கேட்டதும் வகுப்பே சிரித்தது.

டீச்சர் அப்போதுதான் அந்த ஆங்கிலத் தொடரைப் பலகையில் எழுதி முடித்திருந்தாள். 'எஸ்கேப்ட் பை தி ஸ்கின் ஆஃப் ஹிஸ் டீத்.' வேலை முடித்துக் களைத்து வருகிறவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பு அது. தையல்காரி, லிஃப்ட் மெக்கானிக், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் நர்ஸுகள். புத்தகத்தில் அன்றைய பக்கம் முழுக்க மரபுத்தொடர்கள். இந்த ஒன்றை மட்டும் தாண்டிவிடலாம் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தாள். கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது.

"மயிரிழையில் உயிர் தப்பினான்னு நாம சொல்றோம்ல, அதேதான்."

"அப்ப முடின்னே சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே மிஸ்? பல்லுக்குப் போய்த் தோலு மாட்டிக்கிட்டு!" என்றான் மெக்கானிக். சிரிப்பு அடங்குவதற்குள் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும் சொன்னான். வேன் தண்ணியில விழுந்துச்சு, டிரைவர் பல்லுத் தோலுல தப்பிச்சான் என்று அதற்கு அர்த்தம். அவன் புதிதாகச் சேர்ந்தவன். மற்றவர்களுக்கு விஷயம் தெரியும். நர்ஸுகள் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

போன மழைக்காலத்தில் ஃபேக்டரி வேன் ஒன்று பாலத்திலிருந்து சறுக்கி வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது. ஷிஃப்ட் முடிந்து எல்லோரையும் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வேன். உள்ளே இருந்தது இரண்டே பேர். ஓட்டியவன் டீச்சரின் கொழுந்தன். பக்கத்தில் இருந்தது, அதே ஃபேக்டரியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன். கொழுந்தன் மட்டும் வெளியே வந்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அவன் பக்கம் திரும்பி, "நீயாவது மயிரிழையில் தப்பிச்சியே, புண்ணியம்" என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். இவன் தப்பித்துக்கொண்டான். அவள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தவன் அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை, ஒரு குடோனில் மூட்டை எண்ணப் போனான். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது என்பதைத் தவிர அவனிடம் அவள் எதுவும் பேசியதில்லை. கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் கேட்காமலே நகர்ந்துவிடுவாள்.

"எங்கேர்ந்து வந்துச்சு மிஸ் இந்தத் தோலு?" தையல்காரிதான் மறுபடி. பேச்சை மாற்றத்தான் கேட்கிறாள் என்று டீச்சருக்குப் புரிந்தது.

"வேதாகமத்துலேர்ந்து. ஒருத்தர், நல்ல மனுஷன். பிள்ளைங்க எல்லாம் ஒரே நாள்ல போயிடுறாங்க. சொத்து போயிடுது. உடம்பெல்லாம் புண்ணு. பாக்க வந்தவங்க, நீ ஏதோ தப்பு செஞ்சிருப்பேங்கிறாங்க. அப்ப அவர் சொல்றதுதான் இது."

"தப்பிச்சிட்டேன்னு சந்தோஷமா சொல்றாரா?"

"இல்ல." அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட மிச்சம் இருக்கிறது இவ்வளவுதான்னு அழுறார். பல்லுக்குத் தோலே கிடையாதுல்ல? அந்த இல்லாத தோல்தான் மிச்சம்கிறார். நாமதான் பின்னால அதைத் தப்பிச்சவன் கதையா மாத்திக்கிட்டோம்."

இத்தனை வருஷம் இதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறாள். தன் வாயில் வந்ததைத் தானே முதல் தடவையாகக் கேட்பதுபோல் இருந்தது. அடுத்த தொடருக்குப் போக முடியவில்லை. தலைவலி என்று சொல்லி வகுப்பைச் சீக்கிரமே முடித்துவிட்டாள்.

வீட்டில் கொழுந்தன் சமையலறை வாசலில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சம். அவளைக் கண்டதும் தட்டோடு மாடிக்குப் போகத் திரும்பினான். சட்டை ஆணியில் தொங்குவதுபோல் தோளில் தொங்கியது. இவ்வளவு இளைத்ததை இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தோம்?

"உக்காந்து சாப்பிடு தம்பி."

அவன் உட்கார்ந்தான். பிடி சோறு அப்படியே கையில் இருந்தது.

"அவர் கைய நீ விட்டுட்டியா?"

கேட்டே விட்டாள். அவன் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தான்.

"நான் பிடிக்கவே இல்ல அண்ணி. வண்டி என் பக்கமாத்தான் சாஞ்சுது. அண்ணன் பக்கத்து ஜன்னல்தான் மேல இருந்துச்சு. அவரு மொதல்ல போயிருக்கலாம். என் காலு மாட்டிக்கிச்சு. அவரு குனிஞ்சு எடுத்துவிட்டாரு. இடுப்பப் பிடிச்சு மேல தள்ளுனாரு. போடா, போடான்னு திட்டுனாரு. மேல வந்து திரும்பி கைய விட்டுத் தேடுறேன், வெறும் தண்ணிதான்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அண்ணன் மேல கோவப்படுவீங்க. உங்க கோவம் எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு..."

அவள் எழுந்தாள். பாரம் இறங்கும் என்று எண்ணியிருந்தாள். இறங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கணவனின் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. தம்பியின் காலை எடுத்துவிடக் குனிந்தானே, அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு வீடு இருக்கிறது, அதில் ஒருத்தி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லையா?

"ஒரு நிமிஷம்கூட என்னைய நெனைக்கலியா அவரு?"

"தெரியல அண்ணி" என்றான். பிறகு, அவள் கேட்காமலே, "என்னைய நீங்க திட்டிருங்க" என்றான், ஏதோ மிச்சம் இருப்பதைக் கொடுத்துவிடுகிறவன்போல.

அவளுக்குத் திட்ட வரவில்லை. அழவும் வரவில்லை. அவன் தட்டில் சோறு ஆறிப்போய் விறைத்திருந்தது. அதைக் கொட்டிவிட்டுச் சூடாகப் போட வேண்டும் என்று நினைத்தாள். கை அசையவில்லை.

வெளியே தெருவில் யாரோ ஒரு பழைய வண்டியைக் கிளப்பப் பார்த்தார்கள். என்ஜின் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. இருவரும் மூச்சுவிடாமல், அது பிடித்துக் கிளம்புமா என்று காது கொடுத்திருந்தார்கள்.