எதிர்ப்புத் தெரிவித்த டால்பின்

உலக வரலாற்றில் முதன்முறையாக, மனித நாகரிகத்துக்கு எதிர்ப்புத் தெரிவிக்கும் பொருட்டு ஒரு டால்பின் கரையேறி உயிர் நீத்திருப்பதாக, கடல் விலங்கு ஆய்வு நிலையத்தின் இயக்குநர் காலை எட்டு மணிக்கே தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டார். டால்பினை அறுத்துப் பார்ப்பதாக இருந்தது பதினொரு மணிக்குத்தான். அந்த நிலையத்தில் அதுதான் வழக்கம். சாவுக்கான காரணத்தை முதலில் தட்டச்சு செய்துவிடுவார்கள். அறுப்பவருக்கு அலைச்சல் மிச்சம்.

இந்த முறை அவசரமும் இருந்தது. இயக்குநர் ஓய்வு பெற இருபது நாள்தான் பாக்கி. விவகாரம் பெரிதானால் இரண்டு வருடம் பதவி நீட்டிப்பு என்று மேலிடம் தலையாட்டியிருந்தது. இல்லாவிட்டால் அவரிடம் ஒப்படைக்கவென்று வீட்டு வேலைகளுக்கு தன் அக்கா நாலு பக்கத்தில் பட்டியல் போட்டிருப்பதாக, ஆய்வக உதவியாளராக இருந்த மச்சினன் அவர் காதில் போட்டு வைத்திருந்தான்.

மதியம் கால்நடை மருத்துவர் அம்மா மண்டையோட்டைத் திறந்தார். மூளைக்குள் இலை மாதிரித் தட்டைப்புழுக்கள் பிள்ளைகுட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

இயக்குநர் கோட்டோடு ஓடிவந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"புழுவை எல்லாம் எடுத்துட்டு மறுபடி பாருங்கம்மா. எதிர்ப்பு அடியில இருக்கும்."

"எடுத்துட்டேன் சார். கூடவே பாதி மூளையும் வந்துடுச்சு."

செத்த பிறகு நுழைந்திருக்கலாமே என்றார் இயக்குநர். புழுக்களைச் சுற்றிலும் மூளை புண்ணாகி, ஆறவும் முயன்றிருக்கிறது, பிணத்துக்கு அந்த அக்கறை கிடையாது என்றார் மருத்துவர். மனம் நொந்து போனதால் புழு வைத்திருக்குமோ என்று இயக்குநர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"நொந்து போனா புழு வைக்கும்னா, நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க மாமா" என்றான் மச்சினன். அலுவலகத்தில் 'சார்' என்றுதான் அழைக்கவேண்டும் என்று அவனுக்கு நிரந்தர உத்தரவு உண்டு. அதை நினைவூட்ட இப்போது நேரமில்லை, நிருபர்கள் வந்துவிட்டார்கள்.

அவர்கள் முன்னால் இயக்குநர் கூச்சமே இல்லாமல் கட்சி மாறினார். மனித குலம் இதுவரை கண்டிராத ஒரு புழுவைத் தாம் கண்டுபிடித்திருப்பதாகவும், அதை ஆராய மிகச் சரியாக இரண்டு வருடம் தேவை என்றும் அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு நிருபர் மருத்துவரைப் பார்த்து, புழு புதுசுதானா என்று கேட்டார்.

"இல்லைங்க, ரொம்ப காலமா தெரிஞ்சதுதான். வழக்கமா காது பக்கத்துக் குழியில இருக்கும். இது வழி தவறி மூளைக்குள்ள போயிடுச்சு. அப்புறம் டால்பினும் வழி தவறிடுச்சு."

"ஆராய எவ்வளவு நாளாகும்?"

"முடிச்சுட்டேன்."

இயக்குநர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார்.