முதல் பதினான்கு தவணை

தகவல் தொடர்பியல் படிக்க நான் வாங்கிய கடன் போன மாதம்தான் முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு நானே ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டேன். அது காலுக்குப் பழகுவதற்குள், அதே படிப்பில்தான் சேருவேன் என்று அக்கா மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பதினெட்டு வயதாகியும் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

"நீ பட்டவ. கூட்டிக் கழிச்சு நீயே அவகிட்ட சொல்லிடு" என்றாள் அக்கா. வேண்டாமென்று சொல்லிவிடு என்பது அதற்கு அர்த்தம். எனக்கும் அதே எண்ணம்தான். நான் குடிநீர் நிறுவனத்தில் அறிவிப்புகள் எழுதுகிறேன். 'நாளை காலை ஆறு முதல் பத்து வரை தண்ணீர் வராது' என்பதை, படிக்கிறவர்கள் எங்களைத் திட்டாதபடி எழுதுவதுதான் வேலை. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, பிறகு கணக்கியல் படிக்கப் போனவள் என்னைப்போல ஒன்றரை மடங்கு சம்பளம் வாங்குகிறாள்.

சனிக்கிழமை மத்தியானம், வங்கியில் வாங்கிய கடன் விவரத்தோடு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் 'கிடைத்தது', அந்தப் பக்கம் 'கொடுத்தது' என்று எழுதினேன். எதிரே வாலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் அவள் அப்பா, அதாவது என் அத்தான், டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ரகம். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று, "பேசறதுக்குமா ஒரு டிகிரி?" என்று கேட்டவர். அவரோ பேசவே மாட்டார். வேலைப் பதிவேட்டில்கூட எந்த லிஃப்டாக இருந்தாலும் ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்: 'பார்த்தாச்சு.'

"மொத்தம் எத்தனை தவணை சித்தி?" என்றாள் வாலு.

"எண்பத்து நாலு."

என் சம்பளத்திலிருந்து பிடித்ததை எண்ணினேன். எழுபதுதான் வந்தது. பென்சிலால் புள்ளி வைத்து மறுபடி எண்ணினேன். அப்போதும் எழுபது. முதல் பதினான்கு வரிகளுக்கு நேரே 'கவுண்டரில் ரொக்கம்' என்று இருந்தது. எல்லாமே இரண்டாம் தேதி.

படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல் நான் வீட்டோடு கிடந்த பதினான்கு மாதங்கள் அவை. வங்கியிலிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்கப் பயந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன். தகவல் தொடர்பியல் படித்தவள் செய்கிற காரியமா அது!

"அக்கா, பேங்க்ல டைம் குடுத்திருக்காங்கன்னு அப்ப நீதானே சொன்ன?"

"உங்க அத்தான்தான் வந்து சொன்னாரு. 'பேங்க்ல பேசியாச்சு'ன்னு."

மூன்று பேரும் மூலையைப் பார்த்தோம். அத்தான் துடைத்த இறக்கையையே மறுபடி துடைத்தார்.

"அத்தான், பைக்கை வித்தீங்களே, அந்த வருஷம்தானே?"

"நடந்தா உடம்புக்கு நல்லது" என்றார்.

பெட்ரோல் செலவுக்குப் பயந்து வண்டியை விற்றவர் என்று எத்தனை பேர் முன்னால் அவரைக் கேலி செய்திருக்கிறேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? இத்தனை வருஷமா ஒரு நன்றிகூட சொல்லாம உங்க வீட்லயே சாப்பிட்டுட்டுப் போயிருக்கேன்!"

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"நீ ரெண்டாவது வருஷம் படிக்கறப்ப, ஒரு லிஃப்ட் கதவுல ஒருத்தர் கை மாட்டிக்கிச்சே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா? கதவுப் பூட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அந்தக் கட்டடத்து மேனேஜரிடம் அத்தான் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் பதிவேட்டில் எழுதியிருந்தது 'சொல்லியாச்சு' மட்டும். யாரிடம், எப்போது, என்ன சொன்னார் என்று ஒன்றும் இல்லை. பழி அவர் தலையில் விழுந்தது. வேலை போகிற நிலை. கல்லூரியில் எங்களுக்குப் பேட்டி எடுக்கச் சொல்லிக்கொடுத்த புதிது. அவரை இதே மேசையில் உட்கார வைத்து, இரண்டு நாள் துருவித் துருவிக் கேட்டு ஒன்பது பக்கம் எழுதினேன். எந்தப் படியில் நின்று சொன்னார் என்று கேட்டபோதுதான், பக்கத்தில் பெயிண்டர் ஒருவர் ஏணியில் இருந்தது அவருக்கு நினைவு வந்தது. விசாரணையில் பெயிண்டர் ஆமாம் என்றார். அத்தானின் வேலை தப்பியது.

"அதுக்கு நான் காசா கேட்டேன்?"

"நீ கேக்கல." எழுந்து வந்து, கிரீஸ் விரலால் என் தாளைத் தொட்டார். "கிடைச்சதுன்னு எழுதியிருக்கியே, அதுல ஒரு வரி விட்டுப்போச்சு. இந்தப் பத்து வருஷமா நான் வாங்கின சம்பளம் எங்க?"

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மணி நாலரை ஆகியிருந்தது.

"அப்ப நான் சேரலாமா?" என்றாள் வாலு, பாதிக் குரலில்.

அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. "சம்பளம் கம்மிதான். உடனே வேலை கிடைக்கும்னு சொல்ல முடியாது. கடன் கையைக் கடிக்கும். அதுல எதுவும் மாறல. ஆனா உன் முதல் பதினாலு தவணையை நான் கட்டறேன்."

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசியாச்சு அத்தான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அக்கா போனில் முன்பணத்தைக் கட்டினாள். வாலு கடன் படிவத்தை எடுத்து வந்தாள். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அதோடு நிற்கவில்லை. கையெழுத்துக்குக் கீழே, யாரும் கேட்காமலே, தேதியும் நேரமும் பக்கத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதும் நிறுத்தி நிதானமாக எழுதினார். முதலில் என் பெயர் இருந்தது.