மண்ணள்ளித் தூற்றிய கை

பெற்ற பிள்ளை ஐயராகி, அங்கி போட்டுக்கொண்டு, கரியாலூர்ப் பக்கத்துச் சொந்த ஊர்க் கிறிஸ்தவச் சபைக்கே வந்து நின்றால் எந்தத் தாய்க்குத்தான் தலை நிமிராது? பெருமாயிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஊரில் பிறந்து குருப்பட்டம் வாங்கிய முதல் பிள்ளை அவள் ஜீவாதான். ஞாயிற்றுக்கிழமை அவன் நடத்தப்போகிற முதல் திருவிருந்தில் முதல் அப்பம் தனக்குத்தான் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்துக்கு வருகிறவர்கள் சனிக்கிழமையே ஐயரிடம் பேர் கொடுக்க வேண்டும். யாரோடாவது சண்டை இருந்தால் சமாதானம் ஆன பிறகுதான் அப்பம். முந்தி இருந்த ஐயர்கள் பேரைக் கேட்டுத் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். ஜீவா தலையாட்டவில்லை.

"அம்மா, லட்சுமியம்மா வூட்டு வாசல்ல மண்ணள்ளித் தூத்தினியா?"

"தூத்தினேன். அவ ஆடு வந்து எஞ் சாமைய மேஞ்சிட்டுப் போச்சே, வேடிக்க பாக்கச் சொல்றியா?"

"அவங்க குடி வெளங்காதுன்னு சொன்னியா?"

"வாயில வந்துச்சி, சொன்னேன். அவ நம்ம சபையே கெடையாதே!"

"அதனாலதான் நீயே அவங்ககிட்ட போயி சமாதானம் ஆவணும். மண்ணள்ளித் தூத்துன கையில நான் அப்பம் வெக்க மாட்டேம்மா."

அடப்பாவி! சுமந்து பெற்றவளுக்கே சட்டமா? உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிய வெளியே வந்தாள். பேர் கொடுக்கக் காத்திருந்த சபை மூப்பர் செல்லன் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"நீ பாட்டுக்குப் போயி மண்டி போடு, பெருமாயி. சபையே பாத்துக்கினு இருக்கசொல்ல பெத்தவள இல்லன்னுடுவானா? நேத்து ஆடு மேய்ச்சிக்கினு இருந்த பய, நமக்கு ஆர்டர் போடறான்!"

ஆறுதல் சொன்னதாக அவருக்கு நினைப்பு. பெருமாயிக்கோ சுருக்கென்று தைத்தது. தாய்க்கு மட்டும் சலுகை கொடுத்தால் நாளைக்கு எவன் அவன் பேச்சைக் கேட்பான்? தாய் முறைத்துக்கொண்டு போனாலோ, பெற்றவளே மதிக்காத ஐயரை நாம் ஏன் மதிக்கணும் என்பார்கள். அந்த அங்கியை அவனுக்குப் போட்டது அவளா? ஆண்டவர் போட்டது. யோசிக்க யோசிக்கக் கோபம் வடிந்தது. தாய் முகத்தைப் பார்த்து நியாயத்தை வளைக்கவில்லை பாரு, அவனல்லவா ஐயர்! அவளுக்கு நெஞ்சு விம்மியது.

ஞாயிறு விடிந்ததும் லட்சுமியம்மாள் வாசலில் போய் நின்றாள்.

"நான் சொன்னது தப்பு. உங் குடி நல்லா இருக்கணும். குடிக்கத் தண்ணி குடு."

சண்டைக்காரர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத ஊர் அது. லட்சுமியம்மாள் முறைத்தாள். பிறகு உள்ளே போய்ச் சொம்போடு வந்தாள்.

"யாரு சொல்லி வந்த?"

"எங்க ஐயரு."

"ஜீவாவா? அவன இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சவ நானு. இரு, நானும் வந்து பாக்கறேன்."

லட்சுமியம்மாள் ஆலயத்துக்கு வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். திருவிருந்துக்கு அழைப்பு வந்ததும் பெருமாயி எழுந்தாள்.

"ஐயரே, நீங்க சொன்னபடி சமாதானம் ஆயிட்டேங்க. தோ, வாசல்ல நிக்கறா, கேட்டுக்குங்க."

பெற்ற வாய் 'ஐயரே' என்றதும் சபை முழுக்க அவள் பக்கம் திரும்பியது. ஜீவாவின் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. "வாங்கம்மா," என்றான். அவள் மண்டியிட்டு நீட்டிய கையில் அப்பத்தை வைத்தான்.

அடுத்து செல்லன். மூப்பர் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

"ஐயரே, நேத்து பேர் குடுக்கசொல்ல மறைச்சிட்டேங்க. எந் தம்பிகிட்ட பேசி வருசக்கணக்காவுது. வூடு கிட்டதான். ஒரு வார்த்த பேசிட்டு ஓடியாந்துடறேன்."

பெருமாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போயிட்டு வாங்க, மூப்பரே. சபை காத்திருக்கும்," என்றார் ஐயர்.