பெரிய கிளாக்கர் தூங்கிக் காட்டியது

காற்றை அடக்கி ஆண்டவர்கள் இந்தப் பூமியில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். பாய்மரக் கப்பல் விட்டவர்கள், ஆகாய விமானம் விட்டவர்கள், அப்புறம் எண்பத்தெட்டாம் வருசம், இலங்கையில் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆபீசுக் கணக்குப் பார்க்கும் பெரிய கிளாக்கர் சூசைரட்ணம். அடக்கப் போன முதல் ராத்திரியே அந்தக் காற்று அவரைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளிவிட்டது என்பது வேறு விசயம்.

அவருக்கு வந்திருந்தது சாதாரண வியாதி அல்ல. தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும்; மூச்சு நின்றுபோகும்; பிறகு லொறி மேட்டில் கியர் மாற்றுவது போல ஒரு குறட்டையோடு திரும்பி வரும். ராத்திரி முழுக்க இந்தப் பாடு என்பதால் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார். ஆபீசில் தூங்கினார், கோயிலில் பூசை நடக்கும்போது தூங்கினார், சொந்தக்காரர் கல்யாணத்தில் பிசைந்த சோறு கையில் இருக்கத் தூங்கினார். அந்தக் கல்யாணத்துக்கு சிட்னியிலிருந்து வந்திருந்த மைத்துனன் றோலண்ட், அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன், பார்த்ததுமே இன்ன நோய் என்று சொல்லிவிட்டான். திரும்பிப் போய், யாரோ பாவித்துக் கழித்த மெஷின் ஒன்றை சிநேகிதன் கையில் கொடுத்தனுப்பினான். ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கை மூடும் ரப்பர் கவசம், அதைத் தலையோடு சேர்த்துக் கட்ட வார். பெட்டி ஊதுகிற காற்று, தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். கூடவே ஒரு சொல்லும் அனுப்பியிருந்தான்: "பழகிக்கிட்டா அத்தானே வச்சுக்கட்டும். பழகலேன்னா வீணாக்க வேணாம். டிசம்பர்ல நத்தாருக்கு வரும்போது தேவைப்படுற வேற ஆளுக்குக் குடுத்துர்றேன்."

பழகவில்லை. வாரை இறுக்கினால் காது வலித்தது, தளர்த்தினால் காற்று ஓரத்தில் சீறிக் கண்ணில் ஊதியது. வாயைத் திறந்தால் மூக்கில் போன காற்று வாய்வழியே வந்து பேச்சைத் தூக்கிக்கொண்டு போனது. பத்து நிமிசத்தில் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, பழையபடி லொறி ஓட்டுவார்.

ஆனால் இதெல்லாம் வெளியே போகக்கூடிய விசயமா? வங்களாவிலிருந்து தோட்டத்துத் துரையே இறங்கி வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். நாடு பூராவிலும் இப்படி ஒன்று இல்லை என்று சூசைரட்ணம் ஆபீசில் சொல்லியிருந்தார். ஆகவே தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். மூக்கின் மேல் சிவப்பாக ஒரு தடம் விழும். அந்தத் தடத்தோடு ஆபீசுக்குள் நுழைவதில் ஒரு மரியாதை இருந்தது. வீடு கூட்ட வரும் பேச்சியம்மா மட்டும், "பிள்ளையாரு மாதிரியே இருக்கீங்கய்யா" என்றாள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் என்பதால் அவர் முகத்தைச் சுளித்தார்; சந்தோசம் இல்லாமல் இல்லை.

வினை பக்கத்துக் குவாட்டர்சில் இருந்தது. டீமேக்கர் மரியநாயகம், தேயிலை ஸ்டோரில் தூள் தயாரிப்பைப் பார்ப்பவர். அவரும் குறட்டைக்காரர், நின்றபடி தூங்கக்கூடியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்.

"அண்ணே, சும்மா ஒருக்கா கட்டிப் பாக்கட்டுங்களா?"

"தாங்க மாட்ட மரியா. நெஞ்சு ஒரம் வேணும் இதுக்கு."

மூச்சுத்திணறி எழும்பி ஓடட்டும் என்றுதான் கொடுத்தார். மரியநாயகம் கட்டிக்கொண்டு படுத்தார். சூசைரட்ணத்தின் மனைவி சுகிர்தம் கோப்பை கழுவி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். குறட்டை இல்லை, புரளல் இல்லை. நெஞ்சு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

சுகிர்தம் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள். "இந்தாங்க, என்னா அழகாத் தூங்குறாரு பாருங்க அண்ணன்!"

அந்த 'அழகா' சூசைரட்ணத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கல்யாணமான நாளிலிருந்து தன் தூக்கத்தைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் வேறு வகை.

சாயங்காலம் மரியநாயகம் முகம் தெளிந்து எழுந்தார். "கண்டிக்கு லீவுல போய் வந்தாப்புல இருக்குண்ணே! வர்ற ஞாயித்துக்கெழமையும் வரட்டுங்களா?"

"ஒருத்தர் மூக்குல வச்சத இன்னொருத்தர் வைக்கப்படாது. டாக்டர்மார் சட்டம்."

அன்றிலிருந்து சூசைரட்ணத்துக்கு வேறு நினைப்பில்லை. கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்தார். வழியில் மரியநாயகத்தைக் கண்டால் அவர் மூக்கைப் பார்த்தார்.

"ஸ்டோர்ல ராப்பகலாக் கொழுந்து வாடுறதுக்குக் காத்தாடி ஊதுது. அதுக்குள்ளயே கெடக்குற மனுசன். காத்துக்குப் பழகுன ஒடம்பு" என்று சுகிர்தம் சமாதானம் சொன்னாள். அது அவருக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. தோட்டச் செலவில் அந்த ஆள் இத்தனை வருசம் பயிற்சி எடுத்திருக்கிறான்!

நத்தாருக்கு றோலண்ட் வந்தான். அவன் பயணப் பெட்டியை இறக்கி வைக்குமுன்பே மரியநாயகம் கேக்கோடு வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படி அத்தான், பழகிருச்சா?"

"பழகிருச்சாவா? அது இல்லாட்டிக் கண்ணே மூடாது."

றோலண்ட் அவர் கண்ணுக்குக் கீழே தொங்கிய பையைப் பார்த்தான். "அப்ப சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடுங்க. காத்து சரியா வருதான்னு பாத்துர்றேன்."

சாப்பாடு முடிந்தது. சூசைரட்ணம் கவசத்தைக் கட்டிப் படுத்தார். கட்டிலைச் சுற்றி மூன்று பேர். வழக்கம்போலக் காற்று கண்ணில் ஊதியது. தூக்கம் வருகிற வழியைக் காணோம். தூங்காவிட்டால் மெஷின் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கண்ணை மூடி அசையாமல் கிடந்தார். மரியநாயகமும் இப்படித்தான் கிடந்தான். ஆனால் சத்தமே இல்லாத தூக்கத்தைத் தூக்கம் என்று எவன் நம்புவான்? அந்தப் பயலின் தூக்கத்தைவிட நம் தூக்கம் ஒரு படி மேலே என்று காட்ட வேண்டாமா?

மெதுவாக ஒரு குறட்டை விட்டார். துணிந்து இன்னொன்று. பிறகு லொறியை மேட்டில் ஏற்றினார், கியர் மாற்றினார். குறை இருக்கக்கூடாது என்று நடுவில் மூச்சை நிறுத்தித் திணறியும் காட்டினார்.

றோலண்ட் குனிந்து சுவிச்சை அணைத்தான். காற்று நின்றது. குறட்டை நிற்கவில்லை.

"அக்கா, இதப் போட்டுக்கிட்டுத் தூங்குனா கொறட்டையே வராது" என்றான் றோலண்ட். "கொறட்டை வரக்கூடாதுன்னுதானே இந்த மெஷினு."

மரியநாயகம் கேக் புரையேறி இருமினார். சுகிர்தம் தம்பியைப் பார்க்கவில்லை, புருசனையும் பார்க்கவில்லை. "அண்ணனுக்கே குடுத்துருப்பா" என்றாள்.

இனிக் கண்ணைத் திறப்பதற்கு வழியில்லை. சூசைரட்ணம் தொடர்ந்து தூங்கினார். பெட்டியிலிருந்து குழாயைக் கழற்றும் சத்தம் கேட்டது. தலைக்குப் பின்னால் மரியநாயகத்தின் விரல்கள் வாரின் கொக்கியைத் தேடின. தலையணை அமுக்கியதில் அகப்படவில்லை.

அவிழ்க்க வசதியாக, பெரிய கிளாக்கர் தலையைச் சற்றுத் தூக்கிக் கொடுத்தார்.