தூங்க வைக்காத மாத்திரை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு துண்டுப் பிரசுரம் எழுதித் தரும்படி பயண நிறுவனம் ஒன்று கேட்டது. 'கப்பல் குமட்டல்: வராமல் தடுப்பதும் வந்தால் தணிப்பதும்.' தலைப்பு அவர்கள் கொடுத்தது. நான் கப்பல் ஏறியதே இல்லை. ஊஞ்சலில் ஆடினாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். ஆகவே தகுதியான ஆள்தான்.

விவரம் கேட்க ஒரு கப்பல் நர்ஸிடம் போனில் பேசினேன். அந்த அம்மாள் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். மாத்திரையைக் கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டியபின் போட்டால் பாதிப் பலன்தான். வெறும் வயிறும் ஆகாது, மூக்குப் பிடிக்கத் தின்பதும் ஆகாது. உப்பு பிஸ்கட், இஞ்சி, பச்சை ஆப்பிள் நல்லது. புத்தகம் படிக்கக் கூடாது, வெளியே வந்து வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்க வேண்டும். எல்லாம் எழுதிக்கொண்டேன். போனை வைக்கப் போகும்போது ஒன்று சொன்னார்.

"ஒருத்தி வந்தா சார். தூங்க வைக்காத மாத்திரை இருக்கான்னு கேட்டா. தூக்கம் கம்மியா வர்றது இருக்கும்மா, சுத்தமா வராதது எங்கிட்ட இல்லன்னேன். அழுதுட்டா."

ஏன் அழுதாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மரமண்டை. அன்றிலிருந்து அவள் என்னை விடவில்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை, நர்ஸம்மாவைக் குறை சொல்லாதீர்கள்.

2

ஆரம்பங்கள்:

கடல் ஒரு

(வேண்டாம். கடலை எதனோடாவது ஒப்பிடத் தொடங்கினால் இந்தக் கதை கரை சேராது.)

அவள் முதல் முறை வாந்தி எடுத்தபோது

(பாவம், கதாநாயகிக்கு அறிமுகம் இப்படியா?)

இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் கணவனோடு சேர்ந்து வாழ்ந்தது ஐந்தரை வருஷம்.

இது நிற்கும். அவர் உல்லாசக் கப்பல் ஒன்றின் இஞ்சின் அறையில் மெக்கானிக். வருஷத்தில் ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்து, முகத்தில் நேராக உட்காருகிறதா என்று பார்ப்பவள். இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்கிற மனுஷனை இதுவரை பார்த்ததில்லை என்பாள்.

அவருடைய ஒப்பந்தம் இந்தப் பயணத்தோடு முடிகிறது. பத்தாம் நாள், கடைசித் துறைமுகத்தில், மாலை நாலு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஐந்து வருஷம். போடாவிட்டால் வீடு. ஊழியரின் மனைவி ஒரு முறை அவரோடு பயணம் வரலாம் என்று கம்பெனியில் ஒரு விதி உண்டு.* அவள் கிளம்பியது ஊர் பார்க்க அல்ல. "போதும், வந்துடுங்க" என்று நேருக்கு நேர் சொல்ல. போனில் பலமுறை முயன்றிருக்கிறாள். பாதியில் பேச்சு தண்ணீர்க் குழாய் ரிப்பேரில் போய் முடியும்.

* அப்படி விதி உண்டா? எனக்குத் தெரியாது. இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இவர்கள் சந்திக்கவே முடியாது.

3

அவருக்கு வேலை காலை எட்டிலிருந்து பன்னிரண்டு, மறுபடி இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு. ஆக, மத்தியானம்தான் அவளுக்கு உரிய நேரம். அதற்காகப் புதுப் புடவை நாலு எடுத்து வைத்திருந்தாள்.

முதல் நாள் கப்பல் நகர்ந்து ஒரு மணி நேரத்தில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. யாரோ மாத்திரை கொடுத்தார்கள். அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது இரவு மணி எட்டரை. கட்டிலருகே நாற்காலி. அவள் செருப்பு இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. மேஜையில் நறுக்கிய ஆப்பிள், மேலே ஒரு தட்டு. இரண்டாம் நாளும் அதே கதை. ஒன்பது மாதம் வழி பார்த்த ஆள் நாலு முழம் தள்ளி உட்கார்ந்திருக்க, அவள் வாயைப் பிளந்து தூங்கியிருக்கிறாள். அவர் வாசனை அறையில் இருந்தது, அவர் இல்லை.

மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நர்ஸிடம் போனாள்.

"தூங்கவா சிஸ்டர் நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

அழுது முடிக்கட்டும் என்று விட்டு, அறை எங்கே என்று நர்ஸ் கேட்டார். மேல் மாடி, கப்பலின் மூக்குப் பக்கம், சுவர் நிறைய ஜன்னல், அவர்தான் யார் யாரையோ கெஞ்சி மாற்றி வாங்கிக் கொடுத்தார் என்றாள். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். கப்பலிலேயே அதிகம் ஆடும் இடம் அதுதான். குமட்டல்காரர்களுக்குக் கீழ்த்தளம், நடுப்பக்கம். இருபத்திரண்டு வருஷம் கடலில் கிடந்த மனுஷனுக்கு இது தெரியாதா? தெரியாது. அலை என்று ஒன்று இருப்பதே அவர் உடம்புக்கு மறந்துவிட்டது. மனைவிக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவர், கடல் அவளை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

அறை மாறியது. மாத்திரையை அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார் நர்ஸ். தூக்கமெல்லாம் அவர் இல்லாத நேரத்தில் போகட்டும்.

4

எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு சந்தேகம். இந்த ஆளை நம்பலாமா? முதல் பிரதியில் இவருக்குத் துறைமுகத்தில் ஒரு தொடுப்பு வைத்திருந்தேன். கப்பல்காரன் என்றால் நம் கை தானாக அப்படித்தான் எழுதுகிறது. அடித்துவிட்டேன். தூங்குகிறவளுக்கு ஆப்பிள் நறுக்கி மூடி வைக்கிறவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

ஆனால் அவளுக்கும் சந்தேகம் உண்டு. வீட்டுக்கு வந்தால் அவர் முன்வாசலில் நாற்காலி போட்டு, தெருக்கோடியையே வெறித்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் மெல்லத் திரும்புவார். சாப்பாட்டை அளைவார். கடல் நினைப்பு, நாம் இவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாகக் கடலைச் சக்களத்தியாக நினைத்து வெந்தவள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் இருவரும் நடுத்தளத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இஞ்சித் துண்டை மென்றுகொண்டு, வானமும் கடலும் சேரும் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். அவர் எழுந்து தண்ணீர் கொண்டு வரப் போனார். கண்ணாடிக் கடைக்காரி அல்லவா, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். ஆடுகிற தளத்தில் அந்த மனுஷன் நூல் பிடித்தாற்போல் நடந்தார். வீட்டில் ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை.

திரும்பி வந்ததும், வீட்டில் ஏன் இப்படி நடப்பதில்லை என்று கேட்டாள். முதலில் மழுப்பினார்.

"எனக்கு வீட்லதாம்மா இது வரும்."

"எது?"

"உனக்கு இப்ப இருக்கே, அது. இறங்கினதும் தரை ஆடும். குளிக்கறப்ப சுவத்தப் புடிச்சுக்குவேன். ஆடாம நிக்கிற எதையாவது தூரத்துல பாத்துட்டே இருந்தா கொஞ்சம் அடங்கும். முன்னெல்லாம் ஒரு வாரம், வருஷா வருஷம் கூடிக்கிட்டே வருது. போன தடவை மூணு மாசமும் நிக்கல. திரும்பக் கப்பல் ஏறின அன்னிக்குத்தான் நின்னுச்சு."

"டாக்டர்?"

"எப்ப நிக்கும்னு சொல்ல முடியாதுங்கறார். இந்த மாத்திரையும் அதுக்குக் கேக்கல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் தண்ணீரை அவள் கையில் கொடுத்தார்.

"வீட்டுக்கு வந்தா வாந்தி வருதுன்னு பொண்டாட்டிகிட்ட எப்படிம்மா சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சொல்ல வந்த வாக்கியம் அன்று வாயில் வரவில்லை. அடுத்த நாலு நாளும் வரவில்லை.

5

முடிவுகள்:

(அ) "வந்துடுங்க" என்கிறாள். வருகிறார். வருஷம் முழுக்க அவளோடு. வருஷம் முழுக்கத் தரை ஆடுகிறது. ஒரு நாள் நிற்கலாம். நிற்காமலும் போக

(ஆ) "போடுங்க" என்கிறாள். அவர் நிமிர்ந்து நடக்கிறார். அவள் காலியான கட்டிலில் இன்னும் ஐந்து வருஷம்

(இ) இருவரும் ஒரு மிதவைப் பாலத்தில் குடித்தனம் வைக்கிறார்கள். (வெட்கமாக இருக்கிறது. அடித்துவிடுங்கள்.)

பிரசுரம் எழுதினேனே, பதினோரு குறிப்பு. கப்பலில் தவிக்கிறவளுக்கு எல்லாம் இருக்கிறது. கரையில் தவிக்கிறவருக்கு ஒரு வரி இல்லை. ஒருவரை விட்டு ஒருவர் தவிப்பதற்கும் இல்லை.

பத்தாம் நாள். கப்பலைக் கட்டிவிட்டார்கள். மணி மூன்றே முக்கால். அறையில் அவர் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். இத்தனை வருஷம் தானே போட்டு வந்த கையெழுத்து.

"இந்தத் தடவை நீ சொல்லு. நீ எது சொன்னாலும் எனக்குச் சரி."

அவள் அவரைப் பார்த்தாள். அவர்மேல் அவளுக்கு இருந்த ஆசை இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு இம்மியும் குறையவில்லை. அதுதான் தொல்லை. குறைந்திருந்தால் எதையாவது சொல்லித் தொலைத்திருப்பாள்.

அவர் அவளிடம் விட்டுவிட்டார். அவள் என்னைப் பார்க்கிறாள். எனக்குத் தெம்பில்லை, உங்களிடம் தருகிறேன். ஒரு சொல்தான். ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் காத்திருந்து பழகியவள். இன்று காத்திருப்பது அவர், அவருக்கு அது பழக்கமில்லை.