சத்தம் போடாத குட்டி

கதவின் அடிப்பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான் ராஜவேலு. துடைத்தால் போகிற அழுக்கா அது? உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே, பச்சைப் பெயிண்ட் உரிந்து மரம் வெளுப்பாகத் தெரிந்தது. அத்தனையும் நகக் கீறல்கள். நடுநடுவே காய்ந்திருந்த ரத்தம் மட்டும் துணியோடு வந்தது.

"அத்த இப்ப இன்னாத்துக்குத் தொடைக்கிற? நைனாவுக்குத் தண்ணி ஊத்தணும், கூப்புடுறாங்க" என்றாள் அவன் மனைவி எல்லம்மா. சொல்லிவிட்டு அவளும் அந்தப் பலகையைப் பார்த்தாள். பிறகு துணியை அவன் கையிலிருந்து வாங்கிச் சுருட்டி அடுப்படி மூலையில் போட்டாள்.

வெளியே கீற்றுப் பந்தலின் கீழ் பெஞ்சில் அவன் அப்பா தேசப்பன் கிடந்தார். தாடையைச் சேர்த்து வெள்ளைத்துணியால் கட்டியிருந்தார்கள். ஒரு வருடத்துக்கு முன்பே வாதம் அடித்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்ட மனிதர். அந்த வாயைக் கட்டுவதற்கு இவ்வளவு துணி எதற்கு என்று மகனுக்கு ஆத்திரமாக வந்தது.

பெஞ்சுக்கு அடியில் செவலை நாய் படுத்திருந்தது. ஆரணியிலிருந்து வந்திருந்த சித்தப்பா அதைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை.

"கடிக்குமா இது?"

"அய்ய, கடிக்கவும் கடிக்காது, கொரைக்கவும் கொரைக்காது" என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "இந்த லைன்ல நாயி ஒண்ணு கீதுன்றதே யாருக்கும் தெரியாது. அவ்ளோ தங்கம்."

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். ராஜவேலு தண்ணீர்க் குடத்தை எடுக்கப் போனான்.

எண்ணூரில் அந்த லைனில் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஏழு வீடுகள். வீட்டுக்கு வீடு ஒற்றைச் செங்கல் சுவர். ராஜவேலு இரும்பு வார்க்கும் கம்பெனியில் வேலை செய்தான், எல்லம்மா தீப்பெட்டிக் கம்பெனியில். காலை ஏழு மணிக்குக் கிழவரை உள்ளே விட்டு வெளியே பூட்டினால் மாலை நாலரைக்குத்தான் திறப்பார்கள். இன்னொரு சாவி சின்னப்பொண்ணிடம் இருந்தது. ஆனால் வாயில்லாதவர் அவளை எப்படிக் கூப்பிடுவார்? அதற்கு வழி சொன்னது, அவனோடு கம்பெனியில் வேலை செய்த மோசஸ்தான்.

"ஒரு நாயி வெச்சிக்கப்பா. பெரியவருக்கு எதனா ஒண்ணுன்னா கொரைச்சி ஊரக் கூட்டிடும்."

நல்ல யோசனைதான். அதன்பிறகுதான் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ரேஷன் அரிசியில் வளரவேண்டும், பெரிய சாதி நாய் ஆகாது என்றாள் எல்லம்மா. நாலரை மணிவரை வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாமல் இருக்கவேண்டும். லைனில் யாரையும் கடிக்கக் கூடாது என்றார் வீட்டுக்காரர். அனல் மின் நிலையத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற தன் புருஷன் கோபாலுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்றாள் சின்னப்பொண்ணு. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இத்தனை நிபந்தனை போடமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டித் தலையாட்டி, நாய் எதற்கு என்பதையே ராஜவேலு மறந்துபோனான்.

சோழவரத்தில் மோசஸின் மச்சான் கீரை போட்டிருந்த நிலத்தில் இரண்டு குட்டிகள் இருந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மைதானத்தில் கார்ப் பந்தயம். வேலிக்கு அந்தப்பக்கம் ஒவ்வொரு கார் உறுமிக்கொண்டு போகும்போதும் கறுப்புக்குட்டி தொண்டை கட்டும்வரை குரைத்தது. செவலைக்குட்டி சாக்கின்மேல் நன்றாகத் தூங்கியது.

"செவலதாம்பா ஒனக்கு. ரெண்டு பேரும் வேலைக்குப் போற ஊட்டுக்கு இதான் லாயக்கு" என்றான் மோசஸ்.

ராஜவேலுவும் அப்போதே முடிவு செய்துவிட்டான். ஆனாலும் அப்பாவிடம் காட்டவேண்டுமே என்று இரண்டையும் கூடையில் வைத்து எடுத்துவந்தான். தேசப்பன் செவலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றாக இருந்த இடக்கையால் கறுப்பை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டார். அது அவர் முகத்துக்கு நேரே குரைத்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

"இது வாயாடி, நைனா. லைன்ல வெச்சிக்க முடியாது" என்று அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான் ராஜவேலு. கறுப்பு அன்று மாலையே சோழவரம் திரும்பிப் போயிற்று. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

செவலையும் நாய்தானே. வளர்ந்தபோது அதற்கும் குரல் வந்தது. வாயைத் திறக்கும்போதெல்லாம் ராஜவேலு அதன் மூஞ்சியைக் கைக்குள் பிடித்து மூடி, "உஸ்" என்பான். அடித்ததே கிடையாது. இரண்டு மாதத்தில் அது தானாகவே கற்றுக்கொண்டது. குரைப்பு தொண்டைக்கு வந்தால் ஓடிவந்து மூஞ்சியை அவன் உள்ளங்கையில் வைத்துவிடும். இந்த வித்தையை அவன் லைன் முழுக்கக் காட்டியிருக்கிறான். எல்லாரும் சிரித்தார்கள்.

நேற்று நாலரைக்குப் பூட்டைத் திறந்தபோது கதவை ஒட்டி நாய் நின்றது. முன்னங்கால் இரண்டிலும் ரத்தம். தேசப்பன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே குப்புறக் கிடந்தார். காலையில் வைத்துவிட்டுப் போன இட்லித்தட்டு ஸ்டூலின்மேல் அப்படியே இருந்தது. தினமும் எட்டு மணிக்கெல்லாம் சாப்பிட்டுவிடுகிறவர். அவரைப் புரட்டித் தூக்கியபோது மூச்சு இல்லை; அக்குளில் மட்டும் இன்னும் சூடு இருந்தது.

அந்தத் தட்டை எல்லம்மா, ஆட்கள் வருவதற்குள், பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவினாள். 

குளிப்பாட்டி முடிந்தது. மோசஸ் வந்து அவன் தோளைப் பிடித்தான். "தூக்கத்துலயே போய்ட்டாராமே. எல்லம்மா சொல்லிச்சி. நல்ல சாவுப்பா. கஷ்டப்படல."

"ம்" என்றான் ராஜவேலு.

சின்னப்பொண்ணு தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். "செவத்துக்கு அந்தாண்டதான் அரிசி பொடைச்சிக்கினு இருந்தேன், பெரிப்பா. காலையிலேர்ந்து ஏதோ பிராண்டிக்கினே இருந்துச்சி. பெருச்சாளின்னு நெனச்சேன். ஒரு சத்தம் கேட்டிருந்தா தொறந்துகினு வந்திருக்க மாட்டனா?"

வந்திருப்பாள்தான். அவள் நல்லவள். ராஜவேலு வாய்க்கரிசியை அப்பாவின் உதட்டில் வைத்தான். அது கன்னத்தில் வழிந்து பெஞ்சில் சிந்தியது.

மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். தெருநாய்கள் எல்லாத் திசையிலிருந்தும் குரைத்தன. பாடையில் ஏற்றுவதற்காகத் தேசப்பனைத் தூக்கியபோது, பெஞ்சுக்கு அடியில் செவலை எழுந்து நின்றது. அதன் கழுத்து மயிர் சிலிர்த்திருந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

ராஜவேலு அதன் முன்னால் மண்டியிட்டான்.

"கொரைடா" என்றான். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கொரை."

"நேரமாவுது ராஜவேலு, சட்டிய வாங்கிக்க" என்றார் சித்தப்பா, நெருப்புச் சட்டியை நீட்டியபடி.

நாய் அவனைப் பார்த்தது. புண்ணான கால்களை மெல்ல ஊன்றி நடந்துவந்து, மடியில் கிடந்த அவன் கைக்குள் மூஞ்சியை வைத்து, மூடுவதற்காகக் காத்திருந்தது.

அவன் விரல்களை விரித்தே வைத்திருந்தான்.