குதிரையின் நிறம்

"அக்கா, அந்தக் குதிரை என்ன நிறம்?"

மலை நகரமான நரினின் நீதிமன்றத் தாழ்வாரத்தில், குளிரில் சிவந்த காதுகளோடு பெக்தூர் கேட்டான். பதினைந்து வயது. அவன் வக்கீல் பெர்மெத்துக்குக் கையும் காலும் ஓடவில்லை. குதிரையைத் திருடி இறைச்சிக்கு அறுத்து விற்றேன் என்று, போலீஸ்காரர் எழுதி நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டவன் கேட்கிற கேள்வியா இது?

சட்டக் கல்லூரியின் இலவச உதவி மையத்திலிருந்து அவள் நடத்தும் முதல் வழக்கு. திருடியது தன் அண்ணன் கனிமெத் என்று பெக்தூரே அவளிடம் சொல்லியிருந்தான். சின்னப் பையன், லேசாக விட்டுவிடுவார்கள் என்று வீட்டில் கூடிப் பேசி இவனை முன்னால் தள்ளிவிட்டிருந்தார்கள். சிறார் சிறைக்குப் போய் வந்த பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். வீட்டார்மேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கட்சிக்காரன் சொன்னதை அவன் சம்மதமில்லாமல் வெளியே விடக்கூடாது. பொய் சொல்ல எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

"நான் சொல்லக்கூடாதுடா. உண்மையச் சொல்லிடு, பாத்துக்கலாம்."

"அண்ணி முழுகாம இருக்காங்க. அண்ணன் உள்ள போனா அவங்களுக்கு யாரு இருக்கா? அண்ணன்கிட்டக் கேக்கக் கூச்சமா இருக்குக்கா. நீங்க என் வக்கீல்தானே?"

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிபதி அம்மாள் மேய்ச்சல்காரக் குடும்பத்துப் பெண். முதல் கேள்வியே, "குதிரை எப்படி இருந்துச்சு, சொல்லு."

இந்த மலைப்பக்கத்தில் ஆளை மறந்தாலும் மறப்பார்கள், குதிரையின் அடையாளத்தை மறக்கமாட்டார்கள். பெக்தூர் தயங்கவே இல்லை. "செந்நிறம். நெத்தியில வெள்ளை. பின்னங்கால் ஒண்ணு வெள்ளை. இடது காதை மட்டும் தொட விடாது." சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்தது. பாவி, தன் வீட்டுக் குதிரையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

குதிரையைப் பறிகொடுத்தவர் எழுந்துவிட்டார். "என்னோடது கரிக்கறுப்புங்கம்மா! ஒரு பொட்டு வெள்ளை கிடையாது!"



"இவன் யாரைக் காப்பாத்துறான்?" நீதிபதி பெர்மெத் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

பெக்தூர் அவள் கோட்டு நுனியைப் பிடித்தான். "வேணாம்க்கா."

பெர்மெத் திரும்பிப் பார்த்தாள். கடைசி பெஞ்சில், மனைவிக்குப் பக்கத்தில் கனிமெத். இப்போதாவது எழுந்திருப்பான் என்று காத்திருந்தாள். அவன் தொப்பியை முழங்காலில் வைத்து, அதன் விளிம்பை நிதானமாக நீவிவிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள். கோட்டைப் பெக்தூர் விடவில்லை.